ஸ்கூட்டிக்கு முளைத்த காது

“டீச்சர், உங்கட ஸ்கூட்டிக்குக் காது முளைச்சிருக்கு!”

2023 மார்கழியில் ஒருநாள் காலை, பள்ளிக்கூட வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தும்போது தரம் 10 பிள்ளை ஒருத்தி சத்தம்போட்டுச் சொன்னாள். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். பார்த்தால் அது காது போலத்தான் இருக்கும். ஸ்கூட்டியின் இரண்டு கைபிடிகளையும் மூடிக் கறுப்புத் துணியில் தைத்த இரண்டு பைகள். முயலின் காது என்று சொல்ல முடியாது, அவ்வளவு அழகில்லை. யானைக் காது என்று வைத்துக்கொள்ளலாம்.

அதே பிள்ளை இந்த முறை மலர்க் குழுவில் இருக்கிறாள். என்னிடம் எழுத்து கேட்டு வந்தபோது, “விஞ்ஞானக் கட்டுரை வேண்டாம் டீச்சர், அது பாடத்திலயே இருக்கு. உங்கட கதை ஏதாவது எழுதுங்க” என்றாள். என்ன கதை இருக்கிறது என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் அவள் சிரித்த அந்தக் காதையே எழுதலாம் என்று முடிவெடுத்தேன். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு குளிருக்குக் கையுறை தேடி அலைந்த கதை இது.

என்னுடைய ஊர் வட்டுக்கோட்டை. அந்தப் பெயரைச் சொன்னால் படித்தவர்கள் 1823இல் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய செமினரியைச் சொல்வார்கள், அரசியல் தெரிந்தவர்கள் 1976ஆம் ஆண்டுத் தீர்மானத்தைச் சொல்வார்கள். எனக்கு அது காலை 6.20க்குப் படலையைத் திறந்து ஸ்கூட்டியை வெளியே எடுக்கிற இடம். பின்னால் மகள். முன்னால் இரண்டு பேருடைய புத்தகப் பையும் சாப்பாட்டுப் பையும். அராலி, வழுக்கையாறு கடல்நீரேரியில் சேருகிற பக்கத்துப் பாலம், காக்கைதீவு, நாவாந்துறை, பிறகு நகரம். மகளை அவளுடைய பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு நான் இங்கே வந்துசேர வேண்டும். சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஏழு மணிக்கு வகுப்பு.

வருடத்தில் பத்து மாதம் அந்தப் பாதை எனக்குப் பிடித்த பாதை. இரண்டு பக்கமும் தண்ணீர், கொக்கு, வலை இழுக்கிற ஆட்கள். கார்த்திகை கழிந்து வாடைக்காற்று எழும்பிவிட்டால் அதே பாதை வேறு முகம் காட்டும். ஊருக்குள் இருக்கும்வரை பனைகளும் வேலிகளும் காற்றைத் தடுக்கும். பாலத்தடிக்கு வந்ததும் தடுக்க ஒன்றும் இல்லை. வெட்டைவெளியில் வருகிற காற்று பக்கவாட்டில் அடித்து ஸ்கூட்டியையே தள்ளும். அதோடு மழைத் தூறலும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

வெப்பமானியில் பார்த்தால் 22 பாகை, 23 பாகை இருக்கும். நுவரெலியாவில் இருப்பவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். அங்கே தை மாசியில் புல்லில் உறைபனி படிகிற இரவுகள் உண்டு. ஆனால் வெப்பமானி நின்ற இடத்தில் நிற்கிறது, நான் ஓடுகிறேன். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போகிறவளுக்குக் காற்றே அசையாத நாளிலும் 40 கிலோமீற்றர் காற்று முகத்தில் அடிக்கும். நம்முடைய தோலுக்கு மேலே உடம்பு சூடாக்கி வைத்த மெல்லிய காற்றுப் படை ஒன்று எப்போதும் இருக்கும். நாம் போட்டிருக்கிற முதல் உடுப்பு அதுதான். வேகம் அதை உரித்தெடுத்துக்கொண்டே இருக்கும். ஈரம் இருந்தால் இன்னும் மோசம். அசையாத காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். போதாததற்கு ஆவியாகும்போதும் சூட்டைக் கொண்டுபோகும். வண்டியோடும்போது எல்லாவற்றுக்கும் முன்னால் நீட்டிக்கொண்டு போவது கை. (விஞ்ஞானம் வேண்டாம் என்று சொன்ன பிள்ளை மன்னிக்க வேண்டும். இது கொஞ்சம்தான்.)

2022 டிசெம்பரில் மாண்டூஸ் புயல் தமிழ்நாட்டுக் கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்த கிழமை பலருக்கு நினைவிருக்கும். ஊரெல்லாம் புகைபோல ஒரு மூட்டம். நடுப்பகலிலும் போர்வை தேட வைத்த குளிர். வடக்கிலும் கிழக்கிலும் வெளியில் கட்டியிருந்த மாடுகள் நூற்றுக்கணக்கில் விறைத்துச் செத்தன. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள். எனக்கு நடந்தது அதற்கு முதல்நாள், வியாழக்கிழமை.

அராலிப் பாலம் ஏறும்போதே விரல்கள் கடுத்தன. பாலம் முடியும்போது கடுப்பு நின்றுவிட்டது. நல்லது என்று நினைத்தேன். விரல் நோகிறவரை பயமில்லை, நோவு நின்றால்தான் பயப்பட வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. காக்கைதீவுச் சந்தைக்குக் கிட்ட, மீன்பெட்டி கட்டிய சைக்கிளோடு ஒருவர் வீதியைக் கடந்தார். நான் பிரேக்கைப் பிடித்தேன். பிடித்தேன் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன், ஏனென்றால் மனதால் பிடித்தேன். இடது கை விரல்கள் மடியவில்லை. வலது கையில் அக்சிலேற்றரை விட்டுவிட்டேனா இல்லையா என்பதுகூடத் தெரியவில்லை. கை இருக்கிற உணர்வே இல்லை. கண்ணால் குனிந்து பார்த்துத்தான் கையைக் கண்டேன். அந்த ஒரு நொடியில் ஸ்கூட்டி வீதியை விட்டு இறங்கிச் சேற்றில் சரிந்தது.

மகள் எனக்குப் பின்னால் இருந்தாள் என்பதை இதற்கு மேல் விவரிக்க எனக்கு மனமில்லை. முழங்கால் உரசல், சப்பாத்துக்குள் சேறு, சாப்பாட்டுப் பெட்டி திறந்து புட்டு முழுவதும் வீதியில். அவ்வளவுதான். ஹெல்மெற் இருந்தது. பின்னால் லொறி ஒன்றும் வரவில்லை.

அந்த மீன்காரர்தான் ஓடிவந்து ஸ்கூட்டியை நிமிர்த்தினார். ஏசுவார் என்று பார்த்தேன். என் கையைப் பார்த்ததும் அவருடைய முகம் மாறிவிட்டது. “என்ன தங்கச்சி, செத்த ஆளின்ர கை மாதிரிக் கிடக்கு?” என்றார். பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் பிளேன்ரீ வாங்கி, “குடியாதையும், முதல்ல கையில பிடியும்” என்று தந்தார். இரண்டாம் கணுவரை விரல்கள் சுண்ணாம்பு போல வெள்ளை. கிளாஸைப் பிடித்திருக்கப் பிடித்திருக்க நீலமாகி, பிறகு இரத்தச் சிவப்பாகி, ஊசியால் குத்துவது போல நொந்தது. மகள் அழாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வைத்தியர் ரேனோ என்று ஒரு பெயர் சொன்னார். மோரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு வைத்தியர் 1862இல் எழுதிவைத்தது. குளிர் பட்டவுடன் விரல்களுக்குப் போகிற சின்ன இரத்தக் குழாய்கள் அளவுக்கு மிஞ்சிச் சுருங்கிவிடும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். வேறு நோயோடு சேர்ந்து வந்தால் கவனிக்க வேண்டும். அதற்கு இரத்தம் சோதித்தார்கள், ஒன்றுமில்லை. தனியாக வருவது பெரிய ஆபத்தில்லை என்றார். “கை குளிராமல் பாத்துக்கொள்ளுங்கோ, நெஞ்சையும் சேத்து” என்றார். ஆபத்தில்லை என்றது நாற்காலியில் இருக்கிற ஆளுக்கு. பிரேக் பிடிக்கிற ஆளுக்கு?

வீட்டில் அவர், “இனிப் பஸ்ஸில போம்” என்றார். அம்மா, “வட்டுக்கோட்டையில பள்ளிக்கூடமே இல்லையே? மாத்தம் எடுத்துக்கொண்டு வா” என்றா. இரண்டு பேரும் பயத்தில் சொன்னார்கள், பிழை சொல்ல முடியாது. ஆனால் பஸ்ஸில் வந்தால் ஏழு மணி வகுப்பு இல்லை. பெற்றோல் தட்டுப்பாட்டு வருடம் அது, பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. அதைவிட எனக்கு வேறொன்று உறுத்தியது. ஸ்கூட்டி வாங்கியது என் முதலாவது பெரிய வாங்கல். அதற்கு முதல், எங்கே போவதென்றாலும் ஒருவருடைய நேரத்தைக் கேட்டு நிற்க வேண்டும். அந்த நிலைக்குத் திரும்பிப் போக எனக்கு விருப்பமில்லை. மகள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த கிழமை ஸ்கூட்டியில் ஏறியதும் தோளுக்கு மேலால் எட்டி, “அம்மா, விரல் இருக்கா?” என்று கேட்டாள்.

கையுறை தேட வெளிக்கிட்டது அந்தக் கேள்விக்காகத்தான்.

நகரத்துக் கடைகளில் கையுறை இருக்கிறது. எல்லாம் வெயிலுக்கு. கை கறுக்காமல் இருக்க முழங்கைவரை இழுத்துவிடுகிற மெல்லிய துணி, பூ வேலை வைத்தது, நுனிவிரல் வெட்டியது. இந்த ஊரில் கையுறை என்றாலே சூரியனோடுதான் சண்டை. “குளிருக்கு” என்று கேட்டேன். கடைப்பையன், “வெளிநாடு போறீங்களா அக்கா?” என்றான். மோட்டார் சைக்கிள் சாமான் விற்கிற கடையிலும் பார்த்தேன். விரல்மொழிக்குக் கடினப் பிளாஸ்ரிக் வைத்த கையுறை இருந்தது. விழுந்தால் காக்கும், நல்ல சாமான்தான். ஆனால் வியர்க்காமல் இருக்க மேல்புறம் வலைத்துணி. காற்று தாராளமாகப் புகும். எல்லாம் ஆண்களுடைய அளவு. இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம், வேறு அளவு வராது என்றார்கள். விரல்நுனியில் அரை அங்குலம் வெறுமையாகத் தொங்கினால் பிரேக்குக்கும் கைபிடிக்கும் நடுவே அது மடிந்து சிக்கும். வாங்கவில்லை.

நோர்வேயில் இருக்கிற தம்பிக்குச் சொன்னேன். அவன் பாசக்காரன். பனியில் சறுக்கி விளையாடுபவர்கள் போடுகிற கையுறை ஒரு சோடி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டான். தலையணை போல இருந்தது. போட்டதும் கை அடுப்படியில் இருக்கிற மாதிரி. சந்தோஷத்தோடு ஸ்கூட்டியில் ஏறி இருந்தேன். ஹோர்ன் அடிக்கப் போனால் சிக்னல் விழுந்தது. பிரேக்கில் எத்தனை விரல் இருக்கிறது என்று தெரியவில்லை. குளிரில் விறைத்த கைக்கும் இந்தக் கைக்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் உணர்வு இல்லை. அன்றைக்கு ஒரு சோதனை கண்டுபிடித்தேன்: கையுறை போட்டுக்கொண்டு மேசையில் கிடக்கிற ஐந்து ரூபாய்க் குற்றியை எடுக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் அது வண்டிக்கு உதவாது. அந்தக் கையுறையை இப்போது அம்மா அடுப்பிலிருந்து தாச்சி இறக்கப் பாவிக்கிறா. தம்பிக்குச் சொல்லவில்லை. அவன் இந்த மலரை வாசிக்கமாட்டான் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

மூன்றாவது, கம்பளி. நுவரெலியாவுக்குச் சுற்றுலா போன சக ஆசிரியை ஒருவர் வீதியோரக் கடையில் வாங்கி வந்து தந்தார். சிவப்பு நிறம், கையால் பின்னியது, எனக்கு மிகவும் பிடித்தது. நடந்து போகிறவர்களுக்கு அதைவிட வேறு வேண்டாம். வண்டியில் போனால் பின்னலின் ஒவ்வொரு கண்ணுக்குள்ளாலும் காற்று வரும். கைபிடியிலும் வழுக்கும்.

இதற்குள் எனக்கு இது ஒரு பைத்தியமாகிவிட்டது. வகுப்பிலும் கொண்டுவந்துவிட்டேன். ஒரே அளவு போத்தல்கள் ஐந்தில் சுடுதண்ணீர் ஊற்றி, ஒன்றை வெறுமையாகவும், ஒன்றைக் கம்பளிக் கையுறைக்குள்ளும், ஒன்றைக் கம்பளிக்கு மேலே பொலித்தீன் சுற்றியும், ஒன்றைக் காய்ந்த பருத்தித் துணியிலும், ஒன்றை நனைத்த பருத்தித் துணியிலும் வைத்து, மின்விசிறியைப் போட்டு, வெப்பமானியோடு பிள்ளைகளைக் காவலுக்கு நிறுத்தினேன். வெறும் போத்தல்தான் முதலில் ஆறும் என்று எல்லாரும் பந்தயம். முதலில் ஆறியது ஈரத்துணி சுற்றிய போத்தல். வெறும் போத்தல் அதற்குப் பிறகுதான். கடைசிவரை சூடாக நின்றது பொலித்தீன் சுற்றிய கம்பளி. “அப்ப டீச்சர், நனைஞ்ச கிளவுசைவிட வெறுங்கை நல்லமா?” என்று ஒருத்தி கேட்டாள். காற்றில் போகும்போது பல நேரம் ஓம். மழையில் நனைந்த மெல்லிய துணிக் கையுறையைக் கழற்றாமல் ஓட்டுகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

அந்தப் போத்தல்கள் எனக்கும் பாடம் சொன்னன. சூட்டை வைத்திருப்பது துணி இல்லை, துணிக்குள் அடைபட்ட காற்று. அதனால் இறுக்கமான கையுறை கூடாது; காற்றுக்கும் இடமில்லை, இரத்தம் ஓடவும் இடமில்லை. அடைபட்ட காற்றைக் காக்க வெளியே காற்றுப் புகாத, நீர் புகாத ஒரு தோல் வேண்டும். உள்ளங்கையில் மெல்லிசாக, புறங்கையில் தடிப்பாக இருக்க வேண்டும். பிடிப்பது உள்ளங்கை, காற்று வாங்குவது புறங்கை. மணிக்கட்டை மூட வேண்டும், அங்கே இரத்தக் குழாய் தோலுக்குக் கிட்ட ஓடுகிறது. மழை இல்லாத நாளில் கையுறை சட்டைக் கையின் மேலே வர வேண்டும், காற்று கைக்குள் ஏறாது. மழை நாளில் றெயின்கோட் கை அதற்கு மேலே வர வேண்டும். இல்லாவிட்டால் தோளில் விழுகிற மழையெல்லாம் வழிந்து கையுறைக்குள் குளம் கட்டும்.

வைத்தியர் நெஞ்சையும் சேர்த்துச் சொன்னதன் அர்த்தமும் பிறகுதான் விளங்கியது. நெஞ்சு குளிர்ந்தால் உடம்பு முதலில் விரல்களைத்தான் கைவிடும். உள்ளே இருக்கிற ஈரலையும் இருதயத்தையும் காக்க வெளிவாசலைப் பூட்டுகிற மாதிரி. எங்கள் அப்பா மார்கழியில் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது ஈழநாடு பேப்பரை மடித்துச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு போவார். சின்ன வயதில் நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். இப்போது நானும் பேப்பர் வைத்துக்கொண்டு வருகிறேன். ஸ்ராவ் றூமில் அதை எடுத்து வாசிக்கவும் செய்யலாம்.

அந்தக் குளிர்காலத்தின் மிச்சத்தைச் சிவப்புக் கம்பளிக் கையுறையும், அதற்கு மேலே பாத்திரம் கழுவுகிற பெரிய இறப்பர்க் கையுறையுமாகக் கடத்தினேன். பார்க்கச் சகிக்காது. ஆனால் வேலை செய்தது, மழைக்கும் நின்றது. ஒரே குறை, அரை மணித்தியாலத்தில் உள்ளே வியர்த்துவிடும், வியர்வையும் ஈரம்தான்.

பெற்றோர் கூட்டமொன்றில் இந்த இறப்பர்க் கையுறை மேசையில் கிடந்ததைத்தான் அந்த உம்மா கண்டார். அவருடைய மகள் என் வகுப்பு. மகளின் விஞ்ஞானப் புள்ளியைப் பற்றிக் கதைக்க வந்தவர், கையுறையைக் கையில் எடுத்து உள்ளே வெளியே புரட்டிப் பார்த்தார். “டீச்சர், பிள்ள சொன்னா, நீங்க போத்தலுக்கெல்லாம் சட்ட போட்டீங்களாமே” என்றார். நான் முழுக் கதையையும் சொன்னேன். சேற்றில் விழுந்ததையும் சொன்னேன். கேட்டு முடிய அவர், “கைக்கு உறை தைக்கிறதவிட ஸ்கூட்டிக்கு உறை தைச்சா என்ன?” என்றார்.

டெல்லிப் பக்கத்துக் குளிரிலும், சீனா, தைவான் நகரங்களிலும் ஸ்கூட்டர்க்காரர் கைபிடிகளுக்கே பை போட்டுக்கொண்டு போவார்கள் என்று பிறகு மகள் போனில் படம் எடுத்துக் காட்டினாள். அந்த உம்மா எந்தப் படமும் பார்க்கவில்லை. தையல் தெரிந்த ஆளுக்கு அது தானாக வந்த யோசனை.

வாசலுக்கு வந்து ஸ்கூட்டியை அளவெடுத்தார். அளவுநாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஆளுக்குச் சட்டை தைக்க அளவெடுப்பது போல, கைபிடி நீளம், பிரேக் லீவர், கண்ணாடித் தண்டு எல்லாம். என்னை ஏறி இருக்கச் சொல்லி முழங்கையிலிருந்தும் எடுத்தார். வெளித்துணிக்கு ஒரு பழைய றெயின்கோட், உள்ளுக்கு யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து இங்கே போட முடியாமல் விட்ட ஜக்கெற்றின் பஞ்சு.

தைத்துத் தந்த முதல் சோடி பார்க்க அழகு. போட்டுக்கொண்டு வந்த அன்றே, பின்னால் வந்த ஒருவர் என்னை முந்திக்கொண்டு, “உங்கட பிரேக் லைற் எரிஞ்சபடி இருக்கு” என்றார். காற்று பையை அழுத்த, பை பிரேக் லீவரை அழுத்தியிருக்கிறது. பிரேக் பிடிக்க முடியாமல் விழுந்தவளுக்குத் தானாகப் பிரேக் பிடிக்கிற ஸ்கூட்டி! சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. முகம் வாடிவிட்டது. “அது ஆபத்து டீச்சர், கழட்டுங்க” என்று அங்கேயே கழற்றி வாங்கிக்கொண்டு போனார். அடுத்த கிழமை எண்ணெய்க் கான் ஒன்றின் பிளாஸ்ரிக்கை வளையமாக வெட்டி, பையின் வாயிலும் நடுவிலும் வைத்துத் தைத்து, கண்ணாடித் தண்டோடு கட்ட ஒரு பட்டியும் வைத்துக் கொண்டுவந்தார். துணி இப்போது லீவரைத் தொடாது. வாய் அகலம், விழுந்தால் கை உடனே வெளியே வரும். அதை என்னை வைத்து நாலைந்து தரம் செய்து பார்த்த பிறகுதான் விட்டார். உள்ளே கை வெறுங்கையாகவோ மெல்லிய துணிக் கையுறையோடோ இருக்கலாம். பிரேக்கின் இரும்பு விரலுக்குத் தெரிகிறது. ஐந்து ரூபாய்க் குற்றி என்ன, ஊசிகூட எடுக்கலாம்.

இரண்டாவது முறை தைக்கும்போது நான் அவருடைய வீட்டில் இருந்தேன். ஊசியில் நூல் கோர்த்தபடி அவராகவே சொன்னார். அவருடைய வாப்பாவுக்கு இந்தத் தெருவில்தான் தையற்கடை. 1990 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றியபோது இவருக்கு ஏழு வயது. மெசின் கடையிலேயே நின்றுவிட்டது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வாடகை மெசின் ஒன்றில் வாப்பா திரும்பத் தொடங்கினார். பொத்தான் தைப்பது இவருடைய வேலை. “இருக்கிற துணியில தைக்கிறது அங்க பழகினது டீச்சர்” என்றார். அந்த ஒக்டோபரில் நான் வட்டுக்கோட்டையில் ஐந்தாம் வகுப்பு. ஒரு தெருவே வெறுமையானது எங்களுக்குப் பெரியவர்களின் குசுகுசுப்பாகத்தான் வந்தது. அதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அன்றைக்கும் எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நூல் கோர்க்க முடியாமல் அவர் கண்ணைச் சுருக்கினார், வாங்கி நான் கோர்த்துக் கொடுத்தேன்.

காசு கொடுத்தேன், வாங்கவில்லை. திரும்பவும் கொடுத்தேன். “காசு வேண்டாம், ஒண்டு கேக்கவா?” என்றார். மகளின் புள்ளியைப் பற்றித்தான் கேட்கப் போகிறார் என்று நினைத்து எனக்குக் கொஞ்சம் சங்கடம். “எனக்கு ஸ்கூட்டி பழக்கி விடுவீங்களா? சங்கானை, வட்டுக்கோட்டப் பக்கமெல்லாம் தைக்கக் குடுக்கிற ஆக்கள் இருக்காங்க. ஒவ்வொரு முறையும் ஆட்டோவுக்குக் குடுத்தா மிச்சம் ஒண்டுமில்ல.”

எல் போட் மாட்டி, அதிபரிடம் கேட்டு, சனிக்கிழமைகளில் பள்ளிக்கூட மைதானத்தில் பழகினோம். மதிலுக்கு மேலால் எட்டிப்பார்த்த பிள்ளைகள் யார் யார் என்று எனக்குத் தெரியும். முதல் நாள், அபாயாவின் கரை சில்லுக்குள் போய்விடுமோ என்பதுதான் என் பயம். அதற்கும் அவரிடம் மருந்து இருந்தது. இரண்டு பக்கமும் உள்ளால் பொத்தான் வைத்து, ஏறும்போது மடித்துப் பூட்டிவிடுகிற மாதிரித் தைத்துக்கொண்டு வந்திருந்தார். இதைக் கேட்டு இப்போது வேறு இரண்டு தாய்மாரும் தைப்பித்திருக்கிறார்கள். ஸ்கூட்டியில் சேலையும் அபாயாவும் சில்லில் சிக்குவது குளிரைவிடப் பெரிய ஆபத்து, அதை வேறாக யாராவது எழுத வேண்டும்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. மார்கழி தையில் அராலிப் பாலத்துக்கு முன்னால் ஓரமாக ஒரு நிமிடம் நிற்போம். திருவெம்பாவைக்கு ஊதுகிற சங்குச் சத்தம் சில நாளில் அதுவரை கேட்கும். மகள், “விரல் இருக்கா?” என்பாள். நான் பெருவிரலால் மற்ற நாலு விரல்களின் நுனியையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்ட வேண்டும். சின்னவிரலைத் தொட முடியாவிட்டால் ஓடக் கூடாது; கையைக் கக்கத்துக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டு நிற்க வேண்டும். போன தையில் ஒருநாள் அப்படிப் பத்து நிமிடம் நின்றோம். அன்றைக்கு ஏழு மணி வகுப்புக்குப் பிந்தித்தான் வந்தேன். பிள்ளைகள் அதிபரிடம் சொல்லவில்லை.

சென்ற சனிக்கிழமை அந்த உம்மா தன்னுடைய ஸ்கூட்டியில் முதல்முறையாகத் தனியே வட்டுக்கோட்டைக்கு வந்தார். பழைய ஸ்கூட்டி, நல்ல விலைக்கு வாங்கியது. தைத்த சட்டைகள் பையில். என் வீட்டுப் படலையில் நிறுத்திவிட்டு, தேத்தண்ணி குடிக்கவும் வராமல், என்னுடைய ஸ்கூட்டியின் இடது காதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

“பட்டி அரை இஞ்சி இழகிட்டு டீச்சர். கழட்டித் தாங்க, கொண்டு போறன்.”